மூடி போட்ட மதகு

கொன்றைக் காட்டு ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலை சிலுப்பி என்ற முள்ளம்பன்றிக்கு. பொறுப்பான பிராணி! விடிந்ததும் கரையை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் கிழங்கில் வாய் வைக்கும்.

அந்த ஏரிக்கு ஒரு மதகு. நீர் ஏறினால் தானே திறக்கும், இறங்கினால் தானே மூடும். பக்கத்துக் காட்டு நரி செய்து கொடுத்தது. செய்ததோடு விட்டதா? மேலே பலகை அடித்து, களிமண் பூசி, இறுக மூடிவிட்டது.

"உள்ளே இருப்பது என் தொழில் ரகசியம்! யாரும் திறக்கக் கூடாது. கோளாறு என்றால் என்னைக் கூப்பிடுங்கள், ஓடி வருகிறேன்!" என்றது நரி. காட்டு ராஜாவான யானையும், "அப்படியே ஆகட்டும்" என்று தலையாட்டியது.

குடிமக்கள் குறை சொல்லவும் ஓர் ஏற்பாடு இருந்தது. இலையில் நகத்தால் கீறி, மாமரப் பொந்தில் போட்டுவிட வேண்டும். சிலுப்பி மாதம் தவறாமல் பொந்துக்குள் மூக்கை நுழைத்துப் பார்க்கும். ஓர் இலைகூட இராது.

"மகாராஜா, இந்த மாதமும் குறையே இல்லை!" என்று போய்ச் சொல்லும். அப்போது அதன் முள்ளெல்லாம் பெருமையில் சிலிர்த்து நிற்கும். பொந்தின் அடியில் கரையான் குடியிருந்தது பாவம், சிலுப்பிக்குத் தெரியாது. விழுந்த இலையெல்லாம் கரையானுக்கு விருந்து!

ஐப்பசி வந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் காலையில் ஏரி விளிம்பு வரை தளும்பி நின்றது. மதகோ அசையவில்லை!

கரைக்குக் கீழே பள்ளத்தில் வெள்ளெலிகளின் வளைகள். உள்ளே, பிறந்து ஐந்தே நாளான குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை. கரை உடைந்தால் அத்தனையும் போய்விடும். தாய் எலிகள் ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடின. ஆனால் குட்டிகளோ நூற்றுக்கு மேல்!

நரியைக் கூப்பிடப் போன காகம் நனைந்துபோய்த் திரும்பியது.

"நரி தன் மச்சான் கல்யாணத்துக்குப் போயிருக்காம். வெள்ளிக்கிழமைதான் வருமாம்!"

"வெள்ளிக்கிழமையா? அதுவரைக்கும் கரை தாங்குமா?" சிலுப்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கரைச் சேற்றிலிருந்து ஒரு நண்டு தலை நீட்டியது.

"அக்கா, மூடியைத் திறங்க! உள்ளே கதவைத் தூக்குற கொடி அறுந்துபோச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கரைக்குள்ளதானே குடியிருக்கேன்! சந்து வழியா தினமும் பார்க்கிறேன். கொடி நைஞ்சுபோச்சுன்னு மூணு தடவை எழுதிப் போட்டேன். பதிலே வரல. அதிகாரிங்களுக்குத் தெரியாததான்னு சும்மா இருந்துட்டேன்."

சிலுப்பி ஓடிப்போய்ப் பொந்தைப் பறித்துப் பார்த்தது. கரையான் அரித்த இலை நரம்புகள் கொத்துக் கொத்தாய்க் கிடந்தன. எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்!

மூடியைத் திறந்தால் ராஜா கட்டளையை மீறினதாகும். வேலை போகும். காட்டை விட்டே துரத்தினாலும் துரத்துவார். சிலுப்பி பள்ளத்தைப் பார்த்தது. ஒரு தாய் எலி வாயில் குட்டியோடு வழுக்கி விழுந்து, மறுபடி எழுந்து ஓடியது.

"போனால் போகட்டும் வேலை!" என்று களிமண்ணைப் பறித்தது சிலுப்பி. பலகையைப் பெயர்த்து எறிந்தது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு மிதவைக் கட்டை, ஒரு கதவு, இரண்டையும் இணைக்கும் கொடி. "அட, இவ்வளவுதானா!" என்றது காகம்.

தூக்கணாங்குருவி மூக்கைச் சுளித்தது. "யார் போட்ட முடிச்சு இது? கொடியையே அறுத்திருக்கே! தள்ளுங்க, நான் போடுறேன்."

நீர்நாய் புதுக்கொடியோடு முங்கியது. குருவி முடிச்சுப் போட்டது. நண்டு, "இன்னும் இடப்பக்கம்!" என்று கத்தியது. கட்டை மேலே எழும்பியது. கதவு திறந்தது. தண்ணீர் ஓடைப் பக்கம் பாய்ந்தது. கரை தப்பியது!

அதற்குள் யானை வந்துவிட்டது. "யார் திறக்கச் சொன்னது?"

"நானேதான் திறந்தேன், மகாராஜா. அதைவிடப் பெரிய தப்பும் செய்திருக்கிறேன். குறையே இல்லை என்று மாதாமாதம் சொன்னேனே, அத்தனையும் தப்பு" என்று அரித்த இலைகளை அதன் காலடியில் வைத்தது சிலுப்பி.

யானை இலைகளைப் பார்த்தது. பள்ளத்தில் கீச்கீச்சென்று கத்தும் குட்டிகளைப் பார்த்தது. "மூடச் சம்மதித்தவன் நான்தானே!" என்று பெருமூச்சு விட்டது. "இனி மூடி வேண்டாம். வருகிற இலையை எல்லார் முன்னாலும் படி. வேலையில் நீயே இரு."

அந்த வாரமே மாமரத்தடியில் இலைகள் படிக்கப்பட்டன. "மதகில் ஊஞ்சல் கட்ட வேண்டும்" என்று குரங்கு எழுதியிருந்தது. சிலுப்பி அதையும் விடாமல் படித்தது. எல்லோரும் சிரித்து, கூடாது என்று முடிவு செய்தார்கள். "மதகு வாயில் சருகு அடைக்கிறது" என்று ஆமை எழுதியிருந்தது. அன்றே சருகைத் தடுக்க முள்வேலி போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நரி வந்தது. "என் ரகசியத்தைத் திறந்தது யார்?" என்று குதித்தது. பிறகு புது முடிச்சை உற்றுப் பார்த்தது. வாலைத் தாழ்த்திக்கொண்டு குருவியின் அருகே போனது.

"ஏம்மா, இதை எனக்கும் சொல்லிக் கொடேன். என் காட்டு மதகிலும் பழைய முடிச்சுதான். என் குட்டிகளும் கரைக்குக் கீழேதான் இருக்கு."

"ஐயோ, வாங்க மாமா, இப்பவே கத்துக்குங்க! ஆனா ஒண்ணு, அங்கேயும் மூடி போடக் கூடாது!" என்றது குருவி.

ஊருக்குப் பொதுவானதை ஊர் பார்க்கத் திறந்து வைத்து, ஊர் சொல்வதற்குக் காதும் கொடுத்தால்தான் அது ஆபத்தில் கைகொடுக்கும்.