நப்பின்னை பரிமாறிய ரசம்

மந்திரம் படிக்கிற பிள்ளைகளானாலும் விடுதியில் கிடைப்பது தண்ணீர் ரசம்தான். முகில்மலை மந்திரப் பள்ளியில் அதை மாணவர்களே முறை வைத்துப் பரிமாறுவார்கள். அன்று நப்பின்னையின் முறை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது, பசியால் அல்ல. விடிந்தால் இறுதித் தேர்வு. அவள் குரலை யாரோ திருடிவிட்டார்கள். குரல் இல்லாமல் மந்திரம் ஏது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

திருட்டுப் போனபோது படிப்பறையில் அவளோடு இருந்தவர்கள் மூன்று பேர். ஓயாமல் அவளைக் கேலி செய்யும் கபிலன். தேர்வு முடியும்வரை மௌன விரதம் என்று வாயைக் கட்டிக்கொண்ட தேவநாதன். பிறகு அறைத்தோழி கமலினி. எல்லாத் தேர்விலும் நப்பின்னைக்கு அடுத்த இடம் அவளுக்கு. பல்லி விழுந்தால்கூடக் கத்தி விடுதியையே எழுப்பிவிடுவாள்.

"திருடின ஆளோட தொண்டையைத் தொடு. உன் குரல் வந்துரும், அவங்க குரல் போயிரும். தப்பான ஆளைத் தொட்டா ஆயுசுக்கும் நீ ஊமை" என்றார் தலைமையாசிரியை. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "திருடின குரலைத் தன் குரல் மாதிரி மாத்திப் பேசலாம். ஆனா தன்னை மறந்து கத்தினா, உன் குரல்தான் வெளிய வரும்."

நப்பின்னைக்கு அது போதும். குரல் திரும்பினால் மட்டும் அவள் மனம் ஆறாது; திருடிய தொண்டை அடைபட வேண்டும்.

பந்தியில் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கொதிக்கக் கொதிக்க ரச வாளியைத் தூக்கி வந்தவள், கால் தடுக்கியதுபோல் மூவர் கால்மேலும் சாய்த்தாள்.

"ஐயோ, கொன்னுட்டா!" என்று கபிலன் தன் கட்டைக் குரலில் அலறினான். "அம்மா!" என்று தேவநாதன் துள்ளி எழுந்தான், விரதம் போயிற்று, குரல் அவனுடையதுதான். கமலினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. சற்றுப் பொறுத்து, வழக்கமான குரலில், "பரவால்லடி, வேணும்னா செஞ்ச?" என்று நப்பின்னையின் கையைப் பிடித்தாள்.

பந்தியே பார்த்துக்கொண்டிருக்க, நப்பின்னை விரலை நீட்டினாள். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அவள் யார் தொண்டையைத் தொட வேண்டும்?

விடை: கமலினியின் தொண்டையை. சுட்டால் யாரும் கத்துவார்கள். விரதம் இருந்தவனே கத்திவிட்டான். பல்லிக்குக் கூச்சல் போடுகிறவள் கொதிக்கிற ரசத்துக்கு வாய் திறக்கவில்லை என்றால், திறக்கப் பயந்தாள் என்றுதான் பொருள். அத்தனை பேரில் இவளா என்று நப்பின்னைக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் தொட்டாள். கமலினி என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. நப்பின்னை திரும்பி வந்த தன் குரலில் முதல் வேலையாகக் கேட்டாள்: "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாடி?"