ஆறாவது கலயம்

ஏழுமுகடு மலையில் பூதக்குட்டிகள் உண்டு. தீ கக்குவது ஒன்று, நீர் பீச்சுவது ஒன்று, தொட்டால் சுள்ளென்று மின்னல் அடிப்பது ஒன்று. அடிவாரத்து ஜனங்கள் அவற்றைப் பிடித்து, மண்கலயத்தில் வைத்து, பெற்ற பிள்ளை மாதிரி வளர்ப்பார்கள்.

ஆனால் மலையில் பிடித்ததை மலையிடம் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். அதுதான் வழக்கம். ஆறு கலயங்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். வழியில் ஐந்து வாசல். வாசலுக்கு ஒரு காவல் பூதம். நடுவில் இறங்கக் கூடாது. ஐந்தையும் தாண்டினால், வளர்த்ததெல்லாம் ஆயுசுக்கும் வளர்த்தவருக்கே. கொண்டுபோன ஆறும் மயங்கி விழுந்துவிட்டால், வீட்டில் விட்டுவந்தது உட்பட எல்லாம் மலைக்குத் திரும்பிவிடும். பிறகு எத்தனை கூப்பிட்டாலும் வராது.

பூலோகம் என்பவன் மறுநாள் ஏற வேண்டும்.

முதல் நாள் விடிந்தும் விடியாததுமாக உலகம்மை வீட்டு முற்றத்தில் வந்து நின்றான். ஆளைப் பார்த்தால் மலையையே பெயர்த்து எடுத்துவிடுவான் போல இருக்கும். அப்படி ஒரு உடம்பு, அப்படி ஒரு மீசை. உலகம்மை அவனைவிட நாலைந்து வயது இளையவள். இருந்தாலும் அந்தப் பக்கத்தில் பூதம் வளர்ப்பவர்களுக்கெல்லாம் அவள்தான் ஆசான்.

அவள் விளக்கை ஏற்றிக் கும்பிட்டு, நெற்றிக்குத் திருநீறு இட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“சாப்பிட்டீங்களா அண்ணே?”

“தொண்டையில இறங்க மாட்டேங்குது, ஆசானம்மா.”

“தூங்கினீங்களா?”

“அதைக் கேக்காதீங்க.”

“மீசைக்கு மட்டும் எண்ணெய் போட்டிருக்கீங்க.”

“அது... பழக்கத்துல கை தானா போட்டுடுச்சு.”

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒரே ஒரு கேள்விதான். அஞ்சு பேரு முடிவாயிட்டாங்க. ஆறாவது யாரு? அதைச் சொல்லிட்டீங்கன்னா போயிடுவேன்.”

“அஞ்சு பேரையும் காட்டுங்க.”

அவன் கலயங்களை வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான்.

“முதல் வாசல் பனி. அதுக்குத் தணலன். ரெண்டாவது நெருப்பு. அதுக்கு ஓடை. அடுத்தது பறக்கிறது. அதை இடிச்சான் பார்த்துக்குவான். பாறைக்குக் கொடிமுள்ளு. கடைசி வாசல் இருட்டு. அதுக்கு மினுக்கி. எல்லாருமே நல்லா அடிப்பாங்க. ஆறாவதுக்கு ஊசிப் பருந்தைக் கொண்டுபோறதா, கொம்புப் பன்னியைக் கொண்டுபோறதான்னுதான் குழப்பம். பருந்து வேகம். பன்னி பலம். ராத்திரி பூரா பருந்துன்னேன். காலையில எந்திரிச்சா பன்னிங்கிறேன்.”

“வாங்க, ஒரு ஆட்டம் ஆடலாம்.”

“இப்பவா? நாளைக்கு ஏறணும், இதுங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?”

“என்கிட்ட இருக்கிறது ஒரு கிழட்டுக் கீரி. அது என்ன ஆக்கிடப் போகுது?”

கீரி வெளியே வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது மடங்கியிருந்தது. முற்றத்தின் நடுவில் வந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

பூலோகம் தணலனை இறக்கினான். தணலன் ஒரு தீப்பந்தை உமிழ்ந்தது. கீரியின் வால் கருகியது. கீரி எழுந்து தணலனின் மூக்கில் ஒரு போடு போட்டது.

“ஐயோ! வா, வா, உள்ள வா!”

தணலனை அழைத்துக்கொண்டு அவசரமாக ஓடையை இறக்கினான். ஓடை தரையில் கால் பாவுவதற்குள் கீரி அதன் தோளில் அடித்தது.

“அடடா, நீயும் வந்துடு! இடிச்சான், நீ போ!”

இடிச்சான் கண் திறந்து பார்ப்பதற்குள் அதற்கும் அடி விழுந்தது. அதையும் அழைத்துக்கொண்டான். கொடிமுள்ளு போனது, வந்தது. மினுக்கி போனது, வந்தது. மறுபடி தணலன். மூக்கு வலி ஆறாத தணலனுக்கு இப்போது காதிலும் ஒன்று.

பூலோகத்துக்கு வியர்த்துக் கொட்டியது. “முருகா, முருகா” என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கைகள் கலயத்துக்குக் கலயம் தாவின.

“போதும் அண்ணே.”

கீரி பழையபடி உட்கார்ந்தது.

“உங்க பூதங்கள்ல யாரு மயங்கி விழுந்தது?”

“யாரும் விழல.” அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

“யாரு முழுசா இருக்கிறது?”

அவன் கலயங்களுக்குள் பார்த்தான். ஒன்று நொண்டியது. ஒன்று கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒன்று முனகியது.

“யாருமில்ல” என்றான்.

“என் கீரி எத்தனை அடி வாங்குச்சு?”

“வாலுல ஒண்ணு.”

“அது யாரு அடிச்சது?”

“தணலன். முதல்ல... நான் கூப்பிடறதுக்கு முன்னால.”

அவன் கலயங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“ஒரு கிழட்டுக் கீரிக்கே இப்படின்னா நாளைக்கு என்ன கதி? எல்லாம் போயிடும். வெறுங்கையோட இறங்கி வருவேன். வீட்டுல கலயம் இருந்த மணல்ல குழி குழியா இருக்கும், ஆசானம்மா. அதை நான் எப்படிப் பார்ப்பேன்?”

“முதல்ல இதுங்களுக்கு மருந்து போடுங்க.”

அவள் உள்ளே போய்ப் பச்சிலைகளை எடுத்துவந்து கொடுத்தாள். அவன் கசக்கிச் சாறு பிழிந்தான். தணலனை மடியில் போட்டுக்கொண்டு மூக்கில் தடவினான். அவசரத்தில் பாதி அதன் கண்ணில் போனது. தணலன் தும்மியது.

“மெதுவா. அவசரமில்ல. இங்க யாரும் அடிக்க வரல.”

அவன் கை நின்றது.

“மேல வருவாங்களே” என்றான். “மேல வச்சு மருந்து போடணும்னா... அதுவரைக்கும் முன்னால யாரு நிப்பா?”

அவள் கீரியின் வாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“பருந்து நிக்காது. பன்னியும் நிக்காது, பாயத்தான் தெரியும்.”

“வீட்டுல வேற யாரு இருக்கா?”

“வேற யாருமில்ல.” சற்றுப் பொறுத்து, “அம்மி இருக்கா. அவளைக் கணக்குல எடுக்க முடியாது” என்றான்.

“யாரு அம்மி?”

“ஆமை. நான் முதமுதல்ல பிடிச்சது. பிடிச்சதுன்னு என்ன, அதுவா வந்து என் கால்ல முட்டிக்கிட்டு நின்னுச்சு. அடிக்கத் தெரியாது. கீரையைத் தின்னுட்டு அப்படியே கிடப்பா. பாவம். ஒரு தடவைகூட அவளைக் களத்துல இறக்கினதில்ல.”

“கூட்டிட்டு வாங்க.”

“ஆசானம்மா!” அவன் எழுந்தே விட்டான். “அடிக்கத் தெரியாததை அடி வாங்க விடச் சொல்றீங்களா? இது என்ன நியாயம்?”

“நாளைக்குத் தோத்தா, வீட்டுல இருக்கிறதும்தானே போகும்?”

அவன் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனான்.

அம்மியின் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தான். மூடியைத் திறக்க மனமில்லாமல் திறந்தான். அம்மி வெளியே வந்து வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கியது. அரைக்கும் கல் மாதிரி அகலமான முதுகு. எதிரே கீரி. பின்னால், மருந்து காயாத தணலன்.

பயந்து தன் காலடிக்கு வந்துவிடும் என்றுதான் பூலோகம் நினைத்தான்.

அம்மி கீரியைப் பார்த்து நடந்தது. அதன் வேகத்துக்கு நடந்தது. பாதி முற்றம் போய், தணலனை மறைத்துக்கொண்டு நின்று, தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

கீரி அடித்தது.

பூலோகத்தின் கை கலயத்துக்குப் போனது.

“அண்ணே, மருந்து.”

கீரி மறுபடி அடித்தது. ஓட்டில் டங்கென்று சத்தம் கேட்டது. பூலோகம் பல்லைக் கடித்துக்கொண்டு தணலனிடம் குனிந்தான். ஒவ்வோர் அடிக்கும் அவன் தோள் குலுங்கியது. ஆனாலும் இந்தத் தடவை மருந்து மூக்கிலேயே விழுந்தது. பிறகு ஓடைக்குப் போட்டான். இடிச்சானுக்குப் போட்டான்.

நிமிர்ந்தபோது கீரி மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தது. அம்மி தலையை நீட்டி, கீழே சிந்தியிருந்த பச்சிலை ஒன்றை மென்றுகொண்டிருந்தது.

அவன் ஓடிப்போய் அதைத் தூக்கினான். முதுகைத் தடவினான், கழுத்தைத் தடவினான். ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. அவன் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. அம்மி அதையும் நக்கிப் பார்த்தது.

“உப்பா இருக்கும்டி” என்றான்.

உலகம்மை ஒரு கும்பாவில் நீராகாரம் கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான். ஆறாவது கலயத்தைக் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டான். மற்ற கலயங்களையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் படலைத் திறந்தான். திறந்தவன் நின்றுவிட்டான்.

“ஆசானம்மா.”

“சொல்லுங்க.”

“மேல இருக்கிறது கீரி இல்லையே. கடைசி வாசல் இருட்டு வேற. அங்க இவ விழுந்துட்டா?”

“விழலாம்.”

“அதை நான் பார்த்துக்கிட்டு நிக்கணும்.”

“ஆமா.”

அவன் அம்மியின் கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “அப்புறம்?” என்றான்.

உலகம்மை அருகில் வந்து அவன் நெற்றியில் திருநீறு இட்டாள். அம்மியின் கலயத்துக்கும் ஒரு கீற்று இட்டாள்.

“நீங்க இதுவரைக்கும் ஒண்ணையும் விழ விட்டதில்ல அண்ணே. அதனால உங்களுக்குத் தெரியாது. பாதியில கூப்பிட்டுக்கிட்டா, அடுத்தது அடி வாங்கிக்கிட்டேதான் இறங்கும்; நின்னு விழுந்ததுக்கு மலையே கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். அம்மிக்குப் பின்னால இறங்குறது எதுவோ, அது அடிபடாம இறங்கும்.”