உயிரணுவுக்குக் கை முளைத்த நாள்

உலகத்தில் கடலில் மட்டுமே உயிர்கள் குடியிருந்த அந்தக் காலத்தில், உயிரணுக்களுக்கு வாய் இருந்தது, உருவம்தான் இல்லை. காலையில் உருண்டை, மாலையில் சப்பை. அலை தள்ளிய பக்கம் போவார்கள், போன இடத்திலும் ஓயாமல் பேசுவார்கள்.

உருளியும் நெளியாளும் ஒரே உயிரணு இரண்டாகப் பிளந்து பிறந்த சகோதரிகள். இதில் யார் அக்கா என்று தினமும் சண்டை. ஆனாலும் ஒருத்தியை விட்டு ஒருத்தி இருந்ததே இல்லை. பாறை இடுக்கு ஒன்றில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

ஒருநாள் கடல் திடீரென்று உள்வாங்கியது. இடுக்கிலிருந்த நீரெல்லாம் வெளியே பாய, நெளியாளும் அதோடு நழுவினாள்.

"ஏய் உருளி, நான் போறேன்டி! பிடிடி என்னை!"

"எதாலடி பிடிக்க? கையா இருக்கு எனக்கு?"

உண்மைதான். உடம்புக்குள் இருந்ததெல்லாம் நார்கள். சாப்பாட்டை அங்கும் இங்கும் இழுத்துப் போக மட்டுமே அவை. நார் நுனி தோலைத் தாண்டக் கூடாது என்பது உயிரணுக் குலத்தின் கட்டுப்பாடு. தோல் பொத்துக்கொண்டு, உள்ளே இருந்ததெல்லாம் கடலில் ஒழுகிச் செத்தவர்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

உருளி நார்களை ஒன்றாகத் திரட்டினாள்.

"வேணாம்டி, செத்துப்போவே!" என்று பக்கத்து அணுக்கள் கத்தின.

"அவ போனப்புறம் நான் இருந்து என்ன பண்ண?"

உள்ளிருந்து தோலில் ஓங்கி ஒரே குத்து! நார் நுனி வெளியே வந்தேவிட்டது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை! தோல் நாரைச் சுற்றி இறுக்கமாக மூடிக்கொண்டது. உருளிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! இன்னொரு குத்து. ஒரு கை பாறையைப் பற்றியது, மறு கை தங்கையைப் பற்றியது. (ஆமாம், தங்கைதான். என் கட்சி உருளி கட்சி.)

ஆனால் நெளியாளின் தோல் வழுக்கியது.

"பிடி நிக்கல! நீயும் குத்துடி!"

"பயமா இருக்குடி!"

"எனக்கும்தான் பயம்! குத்து!"

நெளியாள் குத்தினாள். கையும் கையும் கோத்துக்கொண்டன. கடல் இழுத்தது. அது இழுக்க இழுக்க, உள்ளே நார்கள் விறைத்து நின்றன. கம்பி விரிந்ததும் குடை நிமிர்வதுபோல் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"உனக்கு உருவம் வந்துடுச்சுடி!"

"உனக்கு மட்டும் என்ன, அழகாத்தான் இருக்கே!"

அவ்வளவுதான், பாறையெங்கும் குத்து, குத்து! எல்லா அணுக்களும் கைகோத்துக்கொண்டன. கடல் வெறுங்கையோடு திரும்பிப் போனது.

அன்று பிடித்த பிடியை உயிரணுக்கள் இன்றுவரை விடவில்லை. அதனால்தான், யார் எவ்வளவு ஆசையாகக் கிள்ளி இழுத்தாலும், உங்கள் கன்னம் அவர்கள் கையோடு போகாமல் உங்களிடமே ஓடி வந்துவிடுகிறது!