லக்ஸுரி என்கிற வார்த்தை

“லக்ஸுரின்னா என்ன சாமி?”

கேட்டவர் பூவராகன். வேலூரில் இரண்டு துணிக்கடைகளின் முதலாளி. வயது அறுபத்திரண்டு. அவர் கேட்ட குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

“எதுக்குக் கேக்கறீங்க?”

“எங்கப்பா மாடியில படுத்திருக்கார். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ரூமுக்கு ஏசி வேணுங்கறார். ஓட்டு வீட்டுல பனையோலை விசிறியோட காலம் தள்ளின மனுஷன். எண்பத்தாறு வயசுல என்ன ஆசை? அதெல்லாம் லக்ஸுரின்னு சொல்லிட்டேன். என் சம்சாரம் சண்டைக்கு வர்றா. நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க.”

“நீங்க படுக்கற அறையில?”

“இருக்கு சாமி. நாள் முழுக்கக் கடையில நிக்கறேன். ராத்திரி தூங்கலேன்னா மறுநாள் ஓடாது. அது தேவை.”

“கார்ல?”

“தூசி சாமி.”

குரு சிரிக்கவில்லை. “வீட்டுக்கு வர்றேன். அங்க சொல்றேன்,” என்றார்.

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள், உச்சி வெயிலில் வந்தார். மோரை மறுத்துவிட்டு நேரே மாடியேறினார்.

தகரக் கூரை போட்ட அறை. மின்விசிறி அனலைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. பூவராகனின் தந்தை வேதாசலத்துக்கு வலது கை மட்டும்தான் அசையும். குரு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

“இங்கிலீஷ்ல ஏதோ சொல்லிட்டான் சாமி,” என்று குழறினார் கிழவர். “கெட்ட வார்த்தையா?”

“ஆள் பாத்துச் சொல்ற வார்த்தைங்கய்யா.”

“அப்ப கெட்ட வார்த்தைதான்.”

ஒரு மணி நேரம் கழித்துக் கீழேயிருந்து பூவராகன் கூப்பிட்டார்.

“சாமி, கீழ வாங்க. ஹால்ல உக்காந்து பேசலாம். பதில் சொல்றேன்னீங்களே.”

“பதில் இங்கதான் இருக்கு. மேல வந்து உக்காருங்க.”

பூவராகன் நாலு படி ஏறினார். சூடான காற்று முகத்தில் அடித்தது. நின்றார்.

“சாயங்காலம் வர்றேன் சாமி,” என்று இறங்கிவிட்டார்.

தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி கனகவல்லி சொன்னாள்: “உங்க புண்ணியத்துல நாலு படி ஏறிட்டாரு சாமி. ரெண்டு வருஷத்துல அதுவே பெருசு.”

இருட்டும்வரை குரு ஒரு பழைய செய்தித்தாளை மடித்துக் கிழவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். பூவராகன் வரவில்லை. குரு சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

அக்னி நட்சத்திரத்தின் பதினோராம் நாள் மதியம் கஞ்சியோடு மாடியேறிய கனகவல்லி, கிண்ணத்தைக் கீழே போட்டாள். தலையணை பிழியலாம் போல நனைந்திருந்தது. உடம்பில் உயிர் இல்லை.

செய்தி கேட்டு மறுநாள் காலை குரு வந்தார்.

கீழே ஹாலின் நடுவில் கண்ணாடி ஐஸ் பெட்டி. உள்ளே வேதாசலம், பட்டு வேட்டியும் ரோஜா மாலையுமாக. பூவராகன் ஓடிவந்து காலில் விழுந்தார்.

“தங்கச்சி துபாய்லேர்ந்து வரணும் சாமி. அதுவரைக்கும் வைக்கணும். குளிர் சரியா இருக்கான்னு மணிக்கொரு தரம் நானே பாக்கறேன். கரண்ட் போனா ஜெனரேட்டர் வாசல்லயே நிக்குது.”

குரு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

பிறகு குனிந்து சுவிட்சை அணைத்தார். மோட்டார் நின்றது.

பூவராகன் பதறினார். “ஐயோ சாமி! இந்த வெயில்ல தாங்காது!”

“யாருக்கு?” என்றார் குரு.