பதினொன்றுக்கு நாலு

அன்று கண்மாய்க்கரைக் கருவேல மரத்தில் இருந்தவர்கள்: தவிட்டுக்குருவிகள் ஏழு, அணில் ஒன்று, ஓணான் ஒன்று. ஆக மொத்தம் ஒன்பது பேர்.

உச்சி வெயில் நேரம். தவிட்டுக்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெயில் ஏறியதும் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்காரும். ஒன்றின் தலையில் இருக்கும் உண்ணியை இன்னொன்று அலகால் பிடுங்கும். தன் அலகு தன் தலைக்கு எட்டாது அல்லவா?

கடுக்கன் என்ற இளைய குருவி மட்டும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே பிடுங்கினான். அக்கா மூக்காயியின் தலையிலிருந்து பதினோராவது உண்ணியை எடுத்து எறிந்தான். பிறகு தன் தலையை நீட்டினான். மூக்காயி நாலு உண்ணி எடுத்தாள். அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

கடுக்கனுக்கு மண்டை கொதித்தது.

"அக்கா! எழுந்திரு! நான் பதினொன்னு எடுத்தேன். நீ நாலுதான் எடுத்திருக்கே! மீதி ஏழு எங்கே?"

மூக்காயி ஒரு கண்ணைத் திறந்தாள். "காலையிலிருந்து உச்சிக் கிளையில காவல் இருந்தேன்டா. கழுத்து வலிக்குது. வல்லூறு வருதுன்னு கத்தினது யாரு? நீயா?"

"அது வேற கணக்கு!"

"அப்படியா, கணக்கப்பிள்ளை! போன மாசம் வரைக்கும் உன் வாயில புழு ஊட்டினேனே, அது எந்தக் கணக்கு?"

மற்ற ஐந்து குருவிகளும் விழுந்து விழுந்து சிரித்தன. அந்தச் சிரிப்புதான் கடுக்கனைச் சுட்டது.

"இனி எவன் தலையையும் தொட மாட்டேன்! என் தலையை நானே பார்த்துக்குவேன்!"

"எப்படிப்பா பார்ப்பே? தண்ணியிலயா?" என்றது அணில்.

கடுக்கன் விருட்டென்று பறந்தான். அக்கரையில் தனியாக நின்ற வாகை மரத்தில் போய் உட்கார்ந்தான்.

முதல் நாள் கிடைத்த புழுவெல்லாம் அவனுக்கே. இரண்டாம் நாள்தான் சங்கதி புரிந்தது. குனிந்து ஒரு கொத்து கொத்தினால், நிமிர்ந்து நாலு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. காவலுக்கு ஆள் இல்லை. கூட்டத்தில் நாளுக்கு நாற்பது புழு தின்றவனுக்குப் பன்னிரண்டு தின்பதே பெரும்பாடு ஆயிற்று.

தலையில் உண்ணி பெருகியது. காலால் சொறிந்தான், போகவில்லை. மரத்தில் தேய்த்தான், தோல்தான் கிழிந்தது. உண்ணி மேல் கோபம். கால் மேல் கோபம். மரத்தின் மேல் கோபம். எல்லாவற்றையும் விட அக்கா மேல் கோபம்!

ஐந்தாம் நாள் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் வந்த ஓணான் பார்த்துவிட்டது.

"என்னப்பா, ஒரு கண்ணை மூடிட்டே?"

"கோபத்துல மூடியிருக்கேன்! உனக்கென்ன?"

"இன்னொன்னையும் மூடிடாதே. வல்லூறுக்கு வசதியாப் போயிடும். உன் அக்காவைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டே, உன் வாலைக் கடிச்சுத் துப்பிடுவேன்! அவளா வரட்டும்! ஏழு பாக்கி வச்சிருக்கிறவ அவதான்!"

ஓணான் பயந்து இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. கடுக்கன் கிளையில் நிற்கவும் முடியாமல் சாய்ந்ததைக் கண்ட பிறகுதான், வால் போனால் போகட்டும் என்று ஓடிப் போய் மூக்காயியிடம் சொன்னது.

ஆறு குருவிகளும் கூச்சல் போட்டபடி வந்து இறங்கின.

"சொல்லி அனுப்ப உனக்கு வாய் இல்லையாடா?" என்று கத்தினாள் மூக்காயி. அவன் முதுகில் நறுக்கென்று ஒரு கொத்து கொத்தினாள். கத்திக்கொண்டேதான் தலையில் உண்ணி பிடுங்கினாள். மற்றவர்களும் நெருக்கி உட்கார்ந்து பிடுங்கினார்கள். மொத்தம் முப்பத்தொன்று.

கடுக்கன் அழுதான். "நான் எத்தனை திருப்பி எடுக்கணும் அக்கா?"

"இன்னொரு தடவை எண்ணினே, உன் நாக்கைப் பிடுங்கிடுவேன்! சும்மா இருடா!"

ஆறு பேருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு தூங்கினான் கடுக்கன். தின்ன ஆரம்பித்தான். உடம்பு தேறியது. ஓணானை மிரட்டி வீம்பில் போக்கிய அந்த இரண்டு நாள்தான் திரும்பவில்லை.

ஆயுள் முழுக்க உடம்பையும் மனசையும் காப்பது பக்கத்தில் இருக்கும் உறவுதான். அதில் கணக்குப் பார்த்துக் கோபித்துக்கொண்டு போகிறவன் தன்னையே கெடுத்துக்கொள்கிறான்.

கடுக்கனுக்கு மிஞ்சிய கண் ஒன்று.