படிக்க மட்டும் கொடுத்த அனுமதி

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் பேருந்து நிறுவனம். அதன் முன்பதிவு சர்வரில் எல்லாக் கட்டளைகளையும் இடும் அதிகாரம் எஸ்தர் ஒருவரிடம்தான் இருந்தது. பதினான்கு வருடம் அதைக் கையில் வைத்திருந்தவர், கண் அறுவைக்குப் பிறகு மருத்துவர் சொன்னதைக் கேட்டு வேலையை விடுகிறார். அந்த அதிகாரத்தை யாரிடம் விட்டுப்போவது என்பதில்தான் சிக்கல் வந்தது.

அவருக்குக் கீழே தனுஷ்கோடி, ஷமீமா, இசக்கிமுத்து என்று மூன்று பேர். மூவருக்கும் வேலை தெரியும். மூவருக்கும் கொடுத்துவிடலாமே என்றார் எஸ்தர். எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் முதலாளி அதற்கு ஒப்பவில்லை.

"ஒரு பேரச் சொல்லுங்கம்மா. மூணு பேருக்கும் குடுத்துட்டு, ஏதாவது ஆச்சுன்னா நா யாரக் கேக்க?"

தவறான ஆளைச் சொன்னால் நிறுவனத்தின் குடுமி அந்த ஆளின் கையில். எஸ்தர் இரண்டு நாள் தவணை கேட்டார். தயங்கியதற்குக் காரணம், அவர் அறுவைக்குப் போயிருந்த அன்று அலுவலகத்தில் நடந்தது.

அந்த மூவருக்கும் சர்வரில் அனுமதித்திருந்தவை சில கட்டளைகள் மட்டுமே. அவற்றில் ஒன்று, அன்றாடம் நடந்ததெல்லாம் பதிவாகும் கோப்பைத் திறந்து படிப்பது. படிக்க மட்டும் என்று நினைத்துத்தான் எஸ்தர் அதைக் கொடுத்தார். ஆனால் கோப்பைத் திறக்கும் அந்த மென்பொருளுக்குள் இருந்துகொண்டே வேறு எந்தக் கட்டளையையும் இட முடியும். அதுவும் எஸ்தரின் அதிகாரத்திலேயே நடக்கும். இது ஷமீமாவுக்குக் கார்த்திகை மாதம் தெரியவந்தது. அன்றே எஸ்தருக்கு எழுதினாள். எஸ்தர் இரண்டு வரி படித்துவிட்டு, பொங்கல் முடியட்டும் என்று ஒதுக்கிவைத்தார். தனுஷ்கோடிக்கு ஆறு மாதமாகவே தெரியும். அவன் யாரிடமும் சொன்னதில்லை, பயன்படுத்தியதும் இல்லை. இசக்கிமுத்துவுக்கு இந்த ஓட்டை தெரியாது. ஆனால் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எஸ்தர் தன் கடவுச்சொல்லை அவனிடம் மட்டும் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். "நா சொல்லுத வர தொடக் கூடாது, யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று வாக்கும் வாங்கியிருந்தார்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு. லீவு முடிந்து சென்னை திரும்புகிறவர்களுக்கான டிக்கெட் விற்பனை காலை பத்து மணிக்குத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் சர்வர் கோளாறாகி, விற்ற இருக்கையையும் காலி என்றே காட்டியது. அந்த நிறுவனத்தின் டிக்கெட்டை விற்பவர்கள் இருபத்து மூன்று ஏஜெண்டுகள். ஒருவர் விற்ற இருக்கையை இன்னொருவர் விற்றார். முன்பதிவை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். அந்தக் கட்டளைக்கு மூவரில் யாருக்கும் அனுமதி இல்லை.

ஷமீமா போனை எடுத்து ஒவ்வொரு ஏஜெண்டாக விற்பனையை நிறுத்தச் சொன்னாள். இவள் விட்டால் பொங்கலையே நிறுத்தச் சொல்லுவாள் என்று ஒருவர் கேலி செய்தார். ஐம்பது நிமிடத்தில் பத்தொன்பது பேர் நிறுத்தினார்கள். நான்கு பேர் போனையே எடுக்கவில்லை. இசக்கிமுத்து ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை பேசினான். எஸ்தர் அறுவை அறைக்குள் இருக்கிறார் என்றார்கள். அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பதினொரு மணிக்குத் தனுஷ்கோடி பதிவுக் கோப்பைத் திறந்தான்.

"ஏ தனுசு, அந்த வழியா போவாத. அனுமதி இல்லல்லா?" என்றாள் ஷமீமா.

"இல்லதான். நீ போனப் பாரு, நா இதப் பாக்கேன்."

"நா எழுதிக் குடுத்த ஓட்டையில நானே போவ மாட்டேன்."

"நீ போவாண்டாம் தாயி."

நான்கே நிமிடத்தில் முன்பதிவை நிறுத்தித் தொடங்கிவிட்டான். இட்ட கட்டளைகளை ஒன்று விடாமல் நோட்டில் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்தும் வைத்தான். அதற்குள் பதினேழு இருக்கைகளை இரண்டிரண்டு பேருக்கு விற்றிருந்தார்கள். பதினொரு பேருக்கு வேறு பேருந்தில் இடம் கிடைத்தது. ஆறு பேருக்குக் கிடைக்கவே இல்லை.

கறுப்புக் கண்ணாடியோடு திரும்பிவந்த எஸ்தர் மூவரையும் தனித்தனியாக விசாரித்தார். அந்த ஓட்டை ஆறு மாதமாகவே தெரியும் என்று தனுஷ்கோடி ஒப்புக்கொண்டான். கடவுச்சொல் கையில் இருந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று இசக்கிமுத்துவைக் கேட்டார்.

"நீங்க சொல்லுத வர தொடக் கூடாதுன்னீய. நீங்க சொல்லலல்லாக்கா" என்றான் அவன்.

தவணை முடிந்தது. அண்ணாச்சி காத்திருக்கிறார். வாக்கைக் காத்தவன் ஒருவன். அனுமதியின் எல்லையைத் தாண்டாமல் முடிந்ததைச் செய்தவள் ஒருத்தி. எல்லையைத் தாண்டிக் காரியத்தை முடித்தவன் ஒருவன். இதில் அன்று யார் செய்தது சரி? எஸ்தர் சொல்ல வேண்டிய பெயர் எது? இரண்டு கேள்விக்கும் ஒரே ஆள்தான் விடையா?

விடை: ஒரே ஆள் இல்லை. அன்று சரியாகச் செய்தவன் தனுஷ்கோடி. சேதத்தை நிறுத்தினான், செய்ததை மறைக்கவும் இல்லை. ஆனால் பூட்டாத கதவு ஒன்று இருப்பதை ஆறு மாதம் தன்னோடு வைத்துக்கொண்டவனிடம் எல்லாக் கதவுகளையும் ஒப்படைக்க முடியாது. கண்ட அன்றே சொன்னவள் ஷமீமா, அதிகாரம் அவளுக்கு. இசக்கிமுத்து மேல் குற்றமில்லை. அவசரத்துக்கென்று சாவியைக் கொடுத்துவிட்டு, அவசரத்தில்கூடத் தான் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்று வாக்கு வாங்கியது எஸ்தரின் பிழை. ஷமீமாவின் கடிதத்தை ஒதுக்கிவைத்தது அதைவிடப் பெரிய பிழை. அன்றே அனுமதிப் பட்டியலைத் திருத்த உட்கார்ந்திருந்தால், முன்பதிவை நிறுத்தித் தொடங்கும் கட்டளையையும் அவர்களுக்கு நேராகக் கொடுத்திருக்கலாம். அந்த ஆறு பேருக்கு இடம் இல்லாமல் போனது தன்னால்தான் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் எஸ்தர் பெயரைச் சொன்னார். பிறகு கடைசியாக ஒருமுறை சர்வரின் முன் உட்கார்ந்து அனுமதிப் பட்டியலைத் திருத்தினார். பதிவுக் கோப்பைப் படிக்க, படிக்க மட்டுமே முடிகிற மென்பொருளை வைத்தார். முன்பதிவை நிறுத்தித் தொடங்கும் அந்த ஒரு கட்டளைக்கு நேராகத் தனுஷ்கோடியின் பெயரையும் இசக்கிமுத்துவின் பெயரையும் சேர்த்தார்.