ஐயாவுக்குத் தெரிந்த ஆள்

திருப்பூருக்குப் பிழைக்க வந்த பூங்காவனத்துக்கு இடுப்பில் பிள்ளை கனத்தது. நாளைக் காலையில் பனியன் கம்பெனியில் போய் நிற்காவிட்டால் வேலை போய்விடும். பிள்ளையை விட இருந்த ஒரே இடம் நலச்சங்கத்தின் இலவசக் காப்பகம். அதன் வாசலிலோ தலைவர் நாச்சிமுத்து "க்ஹும்ம்!" என்று செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உன்னைத் தெரிஞ்ச உள்ளூர்ப் பெரிய மனுசன் ஒருத்தர் வந்து சொல்லோணும். இல்லாட்டி இடமில்லை. க்ஹும்ம்!"

"வந்தே ஒரு மாசம்தாங்க ஐயா. என்னை யாருக்குத் தெரியும்?"

"அது உன்ற பாடு. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்."

பூங்காவனம் நகரவில்லை. சாயங்காலம் கதவு சாத்தப் போகிற நேரம்; பின்னால் இன்னும் சில பெண்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். பிள்ளை வீல் என்று கத்த, அவள் குரலைத் தேனாக்கிக்கொண்டாள்.

"சேர்த்துக்குங்க ஐயா. நான் வாயே திறக்காத பொண்ணு. தெருவுல ஒரு சண்டை சச்சரவு கிடையாது."

நாச்சிமுத்து துள்ளி எழுந்தார்.

"யாரு, நீயா? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதாக்கும்! பிள்ளையார் கோயில் சந்துல கடைசி வீடு. புருசன் சாயப்பட்டறையில. விடிஞ்சா குழாயடியில உன்ற சத்தம்தான் என்ற வீடு வரைக்கும் கேக்குது!"

பூங்காவனம் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? ஐயா, நீங்க உள்ளூர்ப் பெரிய மனுசர்தானுங்களே?"

"அதுல என்ன சந்தேகம்!" என்று நெஞ்சை நிமிர்த்தியவருக்கு அப்புறம்தான் உறைத்தது. இத்தனை பேர் கேட்கச் சொன்னதை விழுங்க முடியுமா? "க்ஹும்ம்!" என்று செருமிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். பிள்ளை உள்ளே போனது.

வரிசையில் அடுத்து நின்றவள் தன் பிள்ளையோடு ஓடி வந்தாள்.

"ஐயா, என்னையும் கொஞ்சம் திட்டுங்க!"